ஸ்பிரின்ட் வேலையை மதிப்பிடுவதும் கண்காணிப்பதும்: முழுமையான வழிகாட்டி

மென்பொருள் வேலையை ஸ்பிரின்ட் என்ற குறுகிய காலப்பகுதிகளாகப் பிரித்துச் செய்யும் முறைதான் ஸ்க்ரம். அதில் புதிதாக லீடாகவோ ஸ்க்ரம் மாஸ்டராகவோ (குழுவுக்கு அந்த முறையை நடத்திக் கொடுப்பவர்) பொறுப்பேற்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "ஒரு பாயின்ட்னா எத்தனை மணி நேரம்?" பாயின்ட் என்பது ஒரு வேலை மற்ற வேலைகளோடு ஒப்பிட எவ்வளவு பெரியது என்று குழு போடும் எண். அந்தக் கேள்விக்கு ஒரு மணிக்கணக்கைச் சொல்லிவிட்டால் அதன்பின் செய்யும் எல்லாமே கோணலாகப் போகும். காரணம் 3ஆம் படியில் இருக்கிறது.

இந்த வேலையில் குழப்பம் வருவது கணக்கு தெரியாததால் குறைவு, வரிசை மாறுவதால்தான் அதிகம். 'முடிந்தது' என்றால் என்ன என்று பேசாமலே மதிப்பிட உட்காருகிறார்கள். ஸ்டோரியை, அதாவது பயனருக்கு வேண்டிய ஒரு வசதியைச் சொல்லும் வேலைத் துண்டை, உடைக்கும் முன்பே பாயின்ட் போடுகிறார்கள். இரண்டு ஸ்பிரின்ட் ஓடுவதற்குள் கிளையன்டுக்குத் தேதி சொல்லிவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

கணக்குக்காக ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். 4 டெவலப்பர், 2 டெஸ்டர், எல்லோரும் சென்னையில். என்ன வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் நியூயார்க்கில். ஓர் ஆன்லைன் கடையின் ஆர்டர், ரிட்டர்ன் பகுதிதான் இவர்கள் வேலை. ஸ்பிரின்ட் 2 வாரம், அதாவது 10 வேலை நாள். வேலைகளைக் கார்டுகளாகக் காட்டும் போர்டு, ஜிரா என்ற மென்பொருளில்.

1. மதிப்பிட உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, 'முடிந்தது' என்பதற்கான வரையறை. ஒரே பக்கத்தில், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வரிகளாக எழுதுங்கள். கோட் ரிவ்யூ முடிந்து மெர்ஜ் ஆகிவிட்டது. ஆட்டோமேட்டட் டெஸ்ட் ஓடுகிறது. ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதிக்கும் தளம்) டெப்ளாய் ஆகிவிட்டது. டெஸ்டர் பாஸ் செய்துவிட்டார். புராடக்ட் ஓனர் பார்த்துவிட்டார்.

இது இல்லாவிட்டால், டெவலப்பர் கோட் எழுதும் நேரத்தை மட்டும் மனதில் வைத்து 3 என்பார், டெஸ்டர் ரிக்ரெஷனையும் (பழைய வசதிகள் கெடவில்லையா என்ற சோதனை) சேர்த்து 8 என்பார். இருவரும் தத்தம் கணக்கில் சரி. அளக்கும் பொருள்தான் வேறு வேறு.

இரண்டாவது, கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் கிடைக்கும் நேரம். நியூயார்க்கை விடச் சென்னை கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 9 என்றால் இங்கே மாலை 6:30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7:30. ஆக ஒரு கேள்வியைக் காலையில் எழுப்பினால் பதில் வர அன்று முழுவதும் போய்விடும். ஸ்டோரிகளைப் பேசித் தெளிவாக்கும் ரிஃபைன்மென்ட் மீட்டிங்கை இருவரும் விழித்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வையுங்கள். மற்ற மீட்டிங் எதையும் அதில் நுழைய விடாதீர்கள்.

மூன்றாவது, பேக்லாகின், அதாவது இனிச் செய்ய வேண்டிய ஸ்டோரிகளின் வரிசைப் பட்டியலின், மேல்பகுதி. அடுத்த இரண்டு ஸ்பிரின்டுக்குப் போதுமான ஸ்டோரிகள் மட்டும் அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியாவோடு (எது நடந்தால் ஏற்றுக்கொள்வது என்ற நிபந்தனைகள்) எழுதப்பட்டிருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து வரப்போவதை இன்றைக்கே விளக்கமாக எழுதுவது வீண் உழைப்பு. அதில் பாதி மாறிவிடும்.

2. முதலில் உடையுங்கள், பிறகு அளங்கள்

பெரிய ஸ்டோரியை உடைக்கச் சொன்னால் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, அதை அடுக்கடுக்காக வெட்டுவது. திரை ஒரு ஸ்டோரி, ஏபிஐ ஒரு ஸ்டோரி, டேட்டாபேஸ் ஒரு ஸ்டோரி. இப்படி வெட்டினால் மூன்றும் முடியும்வரை ஒன்றும் முடியாது. டெஸ்டருக்கு 8ஆம் நாள்வரை கையில் வேலை இருக்காது, 9ஆம் நாள் மூச்சு முட்டும்.

லேயர் கேக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு துண்டாக வெட்டுவது போல வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் பயனருக்குத் தனியாக உதவ வேண்டும், தனியாக டெஸ்ட் செய்ய முடிய வேண்டும். 'வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்பிப் பணம் பெற வேண்டும்' என்ற ஸ்டோரியை எடுத்துக்கொள்ளுங்கள். இதை இப்படி உடைக்கலாம்:

- ஒரே பொருள், கார்டில் கட்டியது, முழுப் பணமும் திரும்புகிறது
- மூன்று வாங்கி ஒன்றை மட்டும் திருப்புவது
- கூப்பன் போட்ட ஆர்டரில் தள்ளுபடியைப் பிரித்துக் கணக்கிடுவது
- பாதி கிஃப்ட் கார்டு, பாதி கார்டு என்று கட்டிய ஆர்டர்

முதல் துண்டு ஸ்டேஜிங்குக்குப் போனாலே புராடக்ட் ஓனரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். கூப்பன் விதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்தத் துண்டு மட்டும் காத்திருக்கும்.

எந்த அளவுக்கு உடைப்பது? 10 நாள் ஸ்பிரின்டில் ஒரு ஸ்டோரியின் வேலை 2 முதல் 4 நாளுக்குள் முடியும் என்று குழுவுக்குத் தோன்ற வேண்டும். ரிவ்யூவுக்கும் டெஸ்டிங்குக்கும் காத்திருக்கும் நாள் இதற்கு மேல் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

உடைக்கவே வழி தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது பெரிய வேலை என்பதால் இல்லை, அதைப் பற்றி யாருக்கும் தெரியாததால். அப்போது ஸ்பைக் போடுங்கள், அதாவது தெரியாததைத் தெரிந்துகொள்ள மட்டும் ஒரு சிறு ஆய்வு. ஒருவர், அதிகபட்சம் 2 நாள், பதில் வேண்டிய கேள்வி ஒன்று. ஸ்பைக்கின் விளைவு ஒரு பக்கக் குறிப்பாக இருக்க வேண்டும். "பேமென்ட் கேட்வே பாதி ரீஃபண்டை ஏற்கிறதா?" என்பது ஸ்பைக்குக்கு ஏற்ற கேள்வி. "ரீஃபண்டைப் பற்றி ஆராய்க" என்று எழுதினால் அது இரண்டு வாரத்தையும் விழுங்கும். ஸ்பைக்குக்குப் பாயின்ட் போட வேண்டாம். அதன் நேரத்தைக் கொள்ளளவிலிருந்து (ஸ்பிரின்டில் குழுவுக்குக் கிடைக்கும் ஆள்நாள்) கழித்துவிடுங்கள்.

3. அளவுகோலாகச் சில ஸ்டோரிகளைப் பொறுக்குங்கள்

வழக்கமான அளவுகள் 1, 2, 3, 5, 8, 13. எண்களுக்கிடையே இடைவெளி கூடிக்கொண்டே போவது காரணத்தோடுதான். கையில் தூக்கிப் பார்த்தே 1 கிலோ அரிசியையும் 2 கிலோ அரிசியையும் பிரித்துச் சொல்லிவிடலாம். 20 கிலோ மூட்டையையும் 21 கிலோ மூட்டையையும் அப்படிச் சொல்ல முடியாது. பெரிய வேலையில் 11-ஆ 12-ஆ என்று வாதாடுவது அந்த மூட்டையைத் தூக்கிப் பார்ப்பது போலத்தான்.

இந்த எண்களுக்குத் தாமாக எந்தப் பொருளும் கிடையாது. ஏற்கெனவே முடித்த வேலைகளிலிருந்து 5 அல்லது 6 ஸ்டோரிகளை எடுங்கள். குழு சேர்ந்து சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கட்டும். நடுவில் நிற்பதற்கு 3 என்று பெயர் வையுங்கள். அதைவிடச் சற்றுச் சிறியது 2, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரியது 5. ஒவ்வொன்றும் என்னென்ன வேலையை உள்ளடக்கியது என்று இரண்டு வரி எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். புது ஸ்டோரி வந்தால், "இது அந்த முகவரி மாற்றும் ஸ்டோரியை விடப் பெரியதா, சின்னதா?" என்பதே கேள்வி.

புதுக் குழு, முடித்த வேலை ஒன்றும் இல்லை என்றால்? பேக்லாகிலிருந்தே எல்லோருக்கும் நன்றாகப் புரிந்த ஒரு சிறு ஸ்டோரிக்கு 2 போட்டு ஆரம்பியுங்கள். மூன்று ஸ்பிரின்ட் முடிந்ததும், உண்மையில் செய்த ஸ்டோரிகளை வைத்து அளவுகோலை மாற்றிவிடுங்கள்.

இனி அந்த மணி நேரக் கேள்வி. '1 பாயின்ட் என்றால் 8 மணி நேரம்' என்று வைத்தால் 6 பேர், 10 நாள், ஆக 60 பாயின்ட் என்று மேனேஜர் கணக்குப் போடுவார். குழு 25 முடித்தால், மீதி 35 எங்கே போனது என்று விசாரணை வரும். அடுத்த ஸ்பிரின்டிலிருந்து டெவலப்பர்கள் தற்காப்புக்காக எண்ணை ஏற்றிச் சொல்வார்கள். 3 என்பது 5 ஆகும், 5 என்பது 8 ஆகும். வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்டில் முடிக்கும் மொத்தப் பாயின்ட்) உயரும், வேலை அதே அளவில்தான் நடக்கும். இந்த நிலைக்கு வந்த குழுவை மீட்க அளவுகோலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கிளையன்ட் பில்லிங்குக்கு மணிக்கணக்கு வேண்டும் என்றால் வொர்க் லாகில் தனியாகப் பதியுங்கள். அதற்கும் பாயின்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஜிராவில் இயல்பாக ஒரு நாள் என்பது 8 மணி, ஒரு வாரம் என்பது 5 நாள். உங்கள் ஒப்பந்தம் 9 மணி நேர நாள் என்றால், நிர்வாக செட்டிங்கில் அதை முதலிலேயே மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் '2டி' என்று பதிந்ததெல்லாம் 16 மணியாகவே கணக்காகும்.

சொல்லப்போனால் இந்த முறையின் அதிகாரபூர்வ வழிகாட்டியான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பில் ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே இல்லை. இது கட்டாயச் சடங்கு ஒன்றுமில்லை. ஸ்டோரிகளை ஏறக்குறைய ஒரே அளவுக்கு உடைக்கப் பழகிய குழு, பாயின்டை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டு போகலாம். ஆனால் புதுக் குழு அங்கிருந்து ஆரம்பிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உடைக்கும் பழக்கமே பாயின்ட் பேசிப் பேசித்தான் வருகிறது.

4. பிளானிங் போக்கரை இப்படி நடத்துங்கள்

பிளானிங் போக்கர் என்பது எண் எழுதிய கார்டுகளால் ஓட்டுப் போட்டு ஸ்டோரியை மதிப்பிடுவது. ஓட்டுப் போடுபவர்கள் வேலை செய்யப்போகிறவர்கள் மட்டும். இங்கே 6 பேர், டெஸ்டர்களும் சேர்த்து. மேனேஜர், ஸ்க்ரம் மாஸ்டர், புராடக்ட் ஓனர் ஓட்டுப் போடக் கூடாது.

1. புராடக்ட் ஓனர் ஸ்டோரியைப் படிக்கிறார். கேள்விகளுக்கு 3 நிமிடம்.
2. எல்லோரும் மனதுக்குள் எண்ணை முடிவு செய்து, ஒரே நேரத்தில் கார்டைத் திறக்கிறார்கள்.
3. மிகக் குறைவாகச் சொன்னவரும் மிக அதிகமாகச் சொன்னவரும் மட்டும் காரணம் சொல்கிறார்கள்.
4. மறுபடி ஓட்டு.
5. இரண்டாம் சுற்றில் அடுத்தடுத்த இரண்டு எண்களில் நின்றால் பெரியதை எடுத்துக்கொண்டு நகருங்கள். இன்னும் விலகி நின்றால் உடையுங்கள், அல்லது ஸ்பைக்.

ஒரே நேரத்தில் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்து வருட அனுபவம் உள்ளவர் முதலில் "இது சின்னதுதான், 2" என்று சொல்லிவிட்டால், சேர்ந்து நாலு மாதம் ஆனவர் கையில் வைத்திருந்த 8-ஐ மெல்ல 3 ஆக்கிவிடுவார். மூத்தவர் பேச்சை மறுத்துப் பேசக் கூச்சப்படும் குழுக்களில் இது இன்னும் அதிகம். அந்த இளையவர்தான் போன வாரம் அந்தப் பழைய மாட்யூலைத் திறந்து பார்த்தவராக இருக்கலாம். ஜூமில் நடத்தும்போது சாட்டில் எண்ணைத் தட்டி வைத்துக்கொண்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொன்னதும் என்டர் அழுத்தச் சொன்னால் போதும். தனியாகக் கருவி எதுவும் வேண்டாம்.

ஒரு ஸ்டோரியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்: 'பயனர் தன் மொபைல் எண்ணை மாற்ற வேண்டும்.' நான்கு டெவலப்பர்களும் ஒரு டெஸ்டரும் 3. இன்னொரு டெஸ்டர் 8.

குறைவாகச் சொன்னவர் காரணம் எளிது. புது எண்ணுக்கு ஓடிபி அனுப்ப வேண்டும், சரிபார்த்துச் சேமிக்க வேண்டும். ஓடிபி அனுப்பும் சர்வீஸ் ஏற்கெனவே இருக்கிறது.

8 சொன்ன டெஸ்டர் கேட்கிறார்: "பழைய எண்ணுக்கும் ஓடிபி போகணுமா? போகணும்னா, சிம் தொலைச்சவங்க என்ன பண்ணுவாங்க? அந்தப் புது எண்ல வேற ஒரு அக்கவுண்ட் ஏற்கெனவே இருந்தா? பாதி வழியில இருக்கிற டெலிவரிக்கு எந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் போகும்?"

புராடக்ட் ஓனரிடம் முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. ஆக ஸ்டோரி இரண்டாகிறது. பழைய எண் கையில் இருப்பவர் மாற்றுவது 3. பழைய எண் இழந்தவர் மாற்றுவது இப்போதைக்கு மதிப்பீடு இல்லாமல், கேள்வியோடு பேக்லாகுக்குத் திரும்புகிறது. டெலிவரி எஸ்எம்எஸ் முதல் ஸ்டோரியின் அக்செப்டன்ஸ் க்ரைட்டீரியாவில் ஒரு வரியாக ஏறுகிறது.

இதையே ஆறு பேரின் சராசரி போட்டு 3.8, அதனால் 5 என்று முடித்திருந்தால் அந்த நாலு கேள்வியும் ஸ்பிரின்டின் 7ஆம் நாள் பக் டிக்கெட்டாக வந்து நின்றிருக்கும். போக்கரில் சராசரி எடுக்கவே கூடாது என்பது இதனால்தான். விலகி நிற்கும் கார்டில்தான் தகவல் இருக்கிறது.

ஒரு ஸ்டோரிக்கு 10 நிமிடம் தாண்டினால் நிறுத்துங்கள். ஒரே அமர்வில் 60 ஸ்டோரியை மதிப்பிட வேண்டி வந்தால் போக்கர் உதவாது. எஸ், எம், எல் என்று சட்டை சைஸில் பிரித்து வைத்துவிட்டு, அருகில் வரும்போது பாயின்ட் போட்டுக்கொள்ளலாம்.

5. ஸ்பிரின்டுக்குள் எவ்வளவு எடுப்பது

கடந்த 6 ஸ்பிரின்டில் முடித்தவை 24, 31, 19, 27, 28, 22 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 151, சராசரி 25. அதிகபட்சமான 31-ஐ இலக்காக வைக்கும் ஆசையை அடக்குங்கள். அது எல்லாம் கைகூடி வந்த ஸ்பிரின்ட்.

அடுத்து ஆட்கணக்கு. 6 பேர், 10 நாள், மொத்தம் 60. பொங்கல் விடுமுறையில் 2 வேலை நாள் போனால் 12 கழியும், மீதி 48. ஊருக்குப் போகும் இருவர் கூடுதலாக ஆளுக்கு 2 நாள் லீவு, மீதி 44. புரொடக்ஷன் சப்போர்ட் முறையில் இருப்பவருக்கு 4 நாள், மீதி 40. வழக்கமான ஸ்பிரின்டில் உங்களுக்கு 54 நாள் கிடைக்கிறது என்றால், இந்த முறை 40-ஐ 54 ஆல் வகுத்தால் 0.74. 25-ஐ அதனால் பெருக்கினால் 18.5. ஆக 18 பாயின்டுக்கு எடுங்கள்.

லீவு பட்டியலைப் பிளானிங்குக்கு முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். டிக்கெட் புக் ஆகிவிட்டிருக்கும், சொல்லத் தயங்கிக்கொண்டு இருப்பார்கள். எதிர்ப்பக்க விடுமுறையும் கணக்கில் வேண்டும். நவம்பர் நான்காம் வியாழன் அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். அந்த வாரக் கடைசியில் ஸ்டோரியை 'பார்த்துவிட்டேன்' என்று சொல்ல ஆள் இருக்காது. வேலை முடிந்தும் முடிந்த கணக்கில் வராது.

பாயின்டை மட்டும் பார்த்து நிரப்பினால் இன்னொரு குழியில் விழுவீர்கள். 18 பாயின்டும் டெஸ்டிங் அதிகம் கேட்கும் ஸ்டோரிகளாகவே இருந்தால் 2 டெஸ்டரால் முடியாது. எடுத்த பட்டியலை ஒருமுறை டெஸ்டர் கண்ணோட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள்.

6. தினமும் பார்க்க வேண்டியது: கார்டின் வயது

"எவ்வளவு சதவீதம் முடிந்தது?" என்று கேட்காதீர்கள். 90 சதவீதம் என்ற பதில் மூன்று நாளும் மாறாமல் வரும். ஸ்டோரி முடிந்தது, அல்லது முடியவில்லை. இடையில் உருப்படியான ஒரே எண், தொடங்கி எத்தனை நாள் ஆகிறது என்பது.

முடித்த கடைசி 20 ஸ்டோரிகளை எடுங்கள். ஒவ்வொன்றும் கையில் எடுத்ததிலிருந்து முடியும்வரை எத்தனை நாள் என்று எழுதிச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 10ஆவது இடத்தில் 5 நாளும் 17ஆவது இடத்தில் 8 நாளும் இருக்கிறது என்றால், 20-இல் 17 ஸ்டோரி 8 நாளுக்குள் முடிகிறது. இனி எந்தக் கார்டு 5 நாளைத் தாண்டுகிறதோ அதைப் பற்றி ஸ்டாண்ட்-அப்பில் (தினசரிக் குறுங்கூட்டம்) முதலில் பேச்சு. 8-ஐத் தொட்டால் இன்னொருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு அதில் உட்கார வேண்டும்.

போர்டின் ஒரே கட்டத்தில் கார்டு எத்தனை நாளாக நிற்கிறது என்பதைச் சிறு புள்ளிகளாகக் காட்டும் வசதி ஜிராவில் போர்டு செட்டிங்கின் கார்டு லேஅவுட் பகுதியில் இருக்கிறது. போட்டுவிடுங்கள்.

ஸ்டாண்ட்-அப்பை ஆள் வரிசையில் நடத்தினால் "நேத்து இத பண்ணேன், இன்னைக்கும் அதேதான்" என்று ஒப்பித்துவிட்டுப் போவார்கள். போர்டின் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக, கார்டு வரிசையில் போங்கள். முடிவுக்கு மிக அருகில் இருப்பதை முதலில் தள்ளிவிட்டால் இடம் காலியாகும். 15 நிமிடத்துக்குள் முடியும்.

ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டோரி திறந்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். திறந்திருக்கும் ஸ்டோரிகளை, ஒரு நாளில் முடியும் ஸ்டோரிகளால் வகுத்தால் ஒரு ஸ்டோரிக்கு ஆகும் சராசரி நாள் வரும். நம் குழு 10 நாளில் 8 ஸ்டோரி முடிக்கிறது, அதாவது நாளுக்கு 0.8. பிளானிங் முடிந்த கையோடு 8-ஐயும் திறந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 10 நாள். ஸ்பிரின்ட் முழுவதும்! 4 மட்டும் திறந்தால் அதே வேகத்தில் 5 நாள். டெவும் ரிவ்யூவும் சேர்த்து 3, டெஸ்டிங் 2 என்று 5-க்குள் வைத்துப் பாருங்கள். 4 டெவலப்பருக்கு 3 இடம் என்றால் ஒருவர் கை சும்மா இருக்குமே என்று மேலிடத்தில் கேட்பார்கள். அவர் பிஆர் (மற்றவர் ரிவ்யூவுக்கு அனுப்பிய கோட்) பார்ப்பார், டெஸ்ட் டேட்டா தயார் செய்வார், சிக்கிய கார்டில் கை கொடுப்பார். அதுவரை அந்த வேலைகளைச் செய்ய ஆள் இல்லாமல்தான் கார்டுகள் நின்றுகொண்டிருந்தன.

7. பர்ன்டவுனைப் படிப்பது, அது பொய் சொல்லும் இடங்கள்

பர்ன்டவுன் என்பது மீதி வேலை நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம். அதில் கோடு 8 நாள் தட்டையாகப் போய்க் கடைசி 2 நாளில் செங்குத்தாக விழுந்தால் மூன்றில் ஒன்று. ஸ்டோரிகள் பெரியவை, டெஸ்டிங் அடைத்துக்கொண்டது, அல்லது வேலை முடிந்தும் கார்டை நகர்த்தவில்லை. மூன்றாவதை நேரில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். முதல் இரண்டையும் பிரித்தறிய 6ஆம் நாள் போர்டைப் பாருங்கள். டெஸ்டிங்கில் கார்டுகள் குவிந்திருந்தால் இரண்டாவது.

கோடு மேலே ஏறினால் நடுவில் ஸ்டோரி நுழைந்திருக்கிறது. யார் சேர்த்தது என்று சண்டை போடாமல், எது வெளியே போகிறது என்று அதே நாளில் முடிவு செய்யுங்கள்.

குழுவில் ஒரு குறையும் இல்லாமலே வரைபடம் தவறாக வருவதும் உண்டு. ஜிராவில் அடிக்கடி காண்பவை:

போர்டில் வலதுகோடிக் கட்டம் எதுவோ அதைத்தான் பர்ன்டவுன் 'முடிந்தது' என்று எடுத்துக்கொள்ளும். 'ரிலீஸுக்குத் தயார்' என்று ஒரு கட்டத்தைக் கடைசியில் சேர்த்தால், அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்கும் எல்லாமே முடியாத கணக்கு.

சப்-டாஸ்க்கில் (ஸ்டோரிக்குள் வரும் சிறு வேலை) போட்ட பாயின்ட் மேலே உள்ள ஸ்டோரியின் கணக்கில் சேராது. பாயின்ட் ஸ்டோரியில் மட்டும் இருக்கட்டும்.

நிறுவன அளவில் நிர்வகிக்கும் புராஜெக்டில் 'ஸ்டோரி பாயின்ட்ஸ்' என்றும், குழுவே நிர்வகிக்கும் புராஜெக்டில் 'ஸ்டோரி பாயின்ட் எஸ்டிமேட்' என்றும் இரு வேறு ஃபீல்டுகள் உண்டு. ஒன்றில் நிரப்பிவிட்டு மற்றதைப் படிக்கும் போர்டில் தேடினால் பூஜ்யம்தான் தெரியும்.

'ஸ்டார்ட் ஸ்பிரின்ட்' அழுத்திய நொடியில் இருந்த பாயின்ட்தான் வெலாசிட்டி சார்ட்டில் ஒப்புக்கொண்ட அளவாகப் பதியும். பாதி ஸ்டோரிக்குப் பாயின்ட் போடாமல் அழுத்திவிட்டு மாலையில் நிரப்பினால் அது பின்னால் சேர்த்த வேலையாகவே நிற்கும்.

8. ஸ்பிரின்ட் முடியும் நாள் கணக்கு

முடியாத ஸ்டோரிக்குப் பாதிப் பாயின்ட் கொடுக்காதீர்கள். 5 பாயின்ட் ஸ்டோரியில் டெஸ்டிங் மட்டும் பாக்கி என்றாலும் இந்த ஸ்பிரின்டில் 0, முடியும் ஸ்பிரின்டில் 5. ஒன்றில் குறைந்தது மற்றதில் கூடிச் சராசரி தானே சரியாகும். 3 இங்கே 2 அங்கே என்று பிரிக்க ஆரம்பித்தால், முடிக்காமலே மதிப்பெண் வாங்கும் பழக்கம் வந்துவிடும்.

முடிந்த ஸ்டோரியின் மதிப்பீட்டையும் பின்னால் திருத்த வேண்டாம். 3 என்று நினைத்தது 8 அளவுக்கு இழுத்தது என்றால், அந்தத் தவறும் வெலாசிட்டிக்குள் இருக்கட்டும். அடுத்த முறையும் அதே அளவு தவறு செய்வோம், அதனால் முன்கணிப்பு சரியாக வரும். திருத்திய எண்ணோ நடக்காத துல்லியத்தைக் காட்டும்.

பக்? அதே ஸ்பிரின்ட் ஸ்டோரியில் வந்த பக் அந்த ஸ்டோரியின் பகுதி, பாயின்ட் கிடையாது. புரொடக்ஷனிலிருந்து வருவதற்கு 5ஆம் படியில் கழித்த சப்போர்ட் நாள் இருக்கிறது.

இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒரே ஸ்லைடில் அருகருகே போடும் மேனேஜரிடம், இரண்டும் வேறு வேறு படியால் அளந்த நெல் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். புது ஆள் சேர்ந்தால் எண் உடனே கூடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். முதல் இரண்டு ஸ்பிரின்டில் சொல்லிக்கொடுப்பவர் நேரமும் போவதால் குறையவே வாய்ப்பு அதிகம்.

9. கிளையன்டுக்குத் தேதி சொல்வது

குறைந்தது 5 ஸ்பிரின்டாவது முடிந்திருக்க வேண்டும். மீதி 120 பாயின்ட் என்று கொள்வோம். மெதுவான மூன்று ஸ்பிரின்டின் சராசரி, அதாவது 19, 22, 24-க்கு, 21.7. வேகமான மூன்றின் சராசரி, 27, 28, 31-க்கு, 28.7. 120-ஐ இவற்றால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 5 முதல் 6 ஸ்பிரின்ட்.

இங்கே நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. பேக்லாக் வளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பிரின்டுக்கு 4 பாயின்ட் புதிதாகச் சேருகிறது என்றால் உண்மையில் குறைவது 17.7 அல்லது 24.7. அப்போது விடை 5 முதல் 7 ஸ்பிரின்ட், அதாவது 10 முதல் 14 வாரம். எவ்வளவு சேருகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு பிளானிங்கிலும் பேக்லாக் மொத்தத்தைக் குறித்து வைத்தால் தானே தெரியும்.

பாயின்ட் இல்லாமல் ஸ்டோரி எண்ணிக்கையை வைத்தும் இதைச் செய்யலாம். ஷீட்டில் கடந்த 6 ஸ்பிரின்டில் முடித்த எண்ணிக்கையை எழுதுங்கள்: 8, 10, 6, 9, 9, 7. மீதி 40 ஸ்டோரி. ஒரு வரியில் 12 செல்களில், இன்டெக்ஸ் ஃபார்முலாவுக்குள் ரேண்ட்பிட்வீன் ஃபார்முலாவை வைத்து, இந்த ஆறில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கச் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டே வந்து 40-ஐத் தொட எத்தனை செல் ஆனது என்று கடைசியில் குறிக்கட்டும். அந்த வரியை 1,000 முறை கீழே இழுங்கள். இந்த எண்களில், மூன்றில் இரண்டு முறை 5 ஸ்பிரின்டில் முடிகிறது. 6 ஸ்பிரின்டில் கிட்டத்தட்ட எல்லா முறையும். சேரும் வேலைக்கு 40 என்ற இலக்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சொல்லும்போது ஒற்றைத் தேதி வேண்டாம். "இன்றைய பேக்லாகின்படி 10 முதல் 14 வாரம். கூப்பன் ரீஃபண்டும் கிஃப்ட் கார்டும் இரண்டாம் ரிலீஸுக்குப் போனால் 10 வாரப் பக்கம் நகரும். அடுத்த எண் இரண்டு வாரத்தில்" என்று எழுத்தில் அனுப்புங்கள். விற்பனைப் பக்கத்திலிருந்து "மேக்ஸிமம் சொல்லாதீங்க, மினிமம் மட்டும் சொல்லுங்க" என்று அழுத்தம் வரும். மின்னஞ்சலில் இரண்டு எண்ணும் ஒரே வரியில் இருந்தால் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போவது கடினம். இரண்டு வாரத்தில் அந்த எல்லைகள் சுருங்கினாலும் விரிந்தாலும், ஸ்பிரின்ட் மூடிய அன்றே, அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதிலாகப் போடுங்கள்.